கொக்கட்டிச்சோலை மட்டும் திறக்கவில்லை: ஒரு வாசிகசாலை வெப் சேர்வரின் நிகழ்வு ஆய்வு

ஊர்ப் பெயர் வைத்த கூத்துப் பாட்டுப் பைல்களில் வந்தாறுமூலை திறந்தது. சீலாமுனை திறந்தது. கன்னன்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் தொட்டவுடன் பாடத் தொடங்கின. கொக்கட்டிச்சோலையைத் தொட்டால் மட்டும் 404. போரதீவும் 404. பைல் போல்டருக்குள் கண்முன்னே கிடக்கிறது, பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரி, ஆனால் சேர்வர் அப்படி ஒன்று இங்கே இல்லை என்கிறது. காரணத்தைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. சேர்வரை நிறுவியதோ அரை மணித்தியாலத்துக்குள் முடிந்த வேலை. அந்த மூன்று நாளையும், அதற்கு முன்னும் பின்னும் இடறிய இடங்களையும் நடந்தபடியே எழுதி வைக்கிறேன். தமிழில் பைல் பெயர் வைத்து லினக்ஸ் கணினியில் ஏற்றுகிற யாருக்கும் இது நாளைக்கே வரலாம்.

இடம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்ன வாசிகசாலை. நான் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கம், மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போவேன். பாலம் வருவதற்கு முன் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு, காத்து நின்று கடந்த இடம் அது. வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிற மாமா இளைப்பாறிய ஆசிரியர். எனக்குச் சொந்த மாமா இல்லை, ஊரில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் அவர் மாமாதான். 1980களில் இருந்தே கூத்துக் களரிகளுக்கு கசெட் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தவர். கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடியும் இருக்கிறது, தென்மோடியும் இருக்கிறது. சில ஊர்களில் சட்டங்கொடுத்தல் (ஆடுவோருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டைப் பிரித்துக் கொடுத்தல்) தொடங்கி அரங்கேற்றம் வரைக்கும் விடாமல் பதிந்திருக்கிறார். மத்தளமும் சல்லரியும் சேர்ந்து விழுகிற இடங்களில் டேப் கொஞ்சம் உடைகிறது, மற்றபடி குரல் தெளிவு. பாடியவர்களில் பலர் இப்போது இல்லை. எழுவான்கரையில் ஒரு வீட்டில் வைத்திருந்த ஒரு பெட்டி கசெட்டை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதை அவருடைய மகள் கனடாவில் இருந்து இரண்டு தடவை வந்து நின்றபோது தன் பழைய மக்புக்கில் எம்பி3 ஆக்கி, ஊர்ப் பெயரைத் தமிழிலேயே பைல் பெயராக வைத்து, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 312 பைல்கள்.

மாமா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "மனே, இது என்ட பெட்டிக்குள்ள கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்படா. புள்ளைகள் போன்ல கேக்கணும், டேட்டா போடாமக் கேக்கணும். மறுகா வெளியூர்ச் சனத்துக்கும் குடுப்பம்."

டேட்டா போடாமல் என்றால், வாசிகசாலை வைஃபைக்குள்ளேயே ஒரு வெப் சேர்வர் இருக்க வேண்டும். பிள்ளைகள் வந்து வைஃபையில் சேர்ந்து ஒரு முகவரியைத் திறந்தால் பாட்டு வரும், வெளி இன்டர்நெட் அறுந்து கிடந்தாலும் வரும். அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு மேசைக் கணினி கிடைத்தது. உபுண்டு 24.04 இன் சேர்வர் பதிப்பைப் போட்டேன். டெஸ்க்டொப் திரை, ஜன்னல் ஒன்றும் இல்லாத பதிப்பு. பைலை எடுத்து நீட்டுகிற வேலைக்கு அது தேவையும் இல்லை, 4 ஜிபியே தாராளம்.

முதலில் வெறும் பரிசோதனைக்கு பைதன் என்ற நிரல்மொழியோடு கூடவே வருகிற ஒற்றைவரி சேர்வரைத்தான் ஓடவிட்டேன், 8000ஆம் போர்ட்டில். பக்கம் வந்தது, பாட்டும் வந்தது. மாமா ஒரு பதிவில் முப்பதாவது நிமிடத்துக்குத் தாவிப் பார்க்க விரலை இழுத்தார், பாட்டு திரும்பத் தொடக்கத்துக்கே வந்து நின்றது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். இங்கே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நடுவில் இருந்து கேட்க விரும்பினால் பிரவுசர் "இந்தப் பைலில் இத்தனையாவது பைட்டில் இருந்து தா" என்று சேர்வரைக் கேட்கும். கேட்ட துண்டை மட்டும் கொடுக்கத் தெரிந்த சேர்வர் 206 என்ற எண்ணோடு அந்தத் துண்டைக் கொடுக்கும். நான் ஓடவிட்ட ஒற்றைவரி சேர்வர் அதைக் கணக்கில் எடுக்காமல் 200 என்று சொல்லி முழுப் பைலையும் முதலில் இருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலக் கூத்துப் பதிவுக்கு அது சரிவராது. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி என்ற வெப் சேர்வர் மென்பொருள்கள் இரண்டும் இதைத் தாமாகவே செய்யும், தனியாக எதையும் எழுத வேண்டாம். அப்பாச்சி 1995 இல் வந்தது, என்ஜின்எக்ஸை இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்டார், இரண்டும் இலவசம், இந்த அளவு வேலைக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான். எனக்குக் கை பழகியது என்ஜின்எக்ஸ்.

உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் நிறுவியதும் அது தானாகவே ஓடத் தொடங்கியது. ரவுட்டரில் இந்தக் கணினிக்கு 192.168.1.50 என்ற முகவரியை நிலையாக ஒதுக்கிக் கொடுத்தேன். இதைத் தவறவிட்டால் ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் முகவரி மாறிப்போகலாம், பிள்ளைகள் பழைய முகவரியைத் தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று திரும்பிப் போவார்கள். முகவரியைக் கியூஆர் படமாக அச்சடித்து, புதினப்பத்திரிகை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினோம்.

அடுத்தது 403. பாட்டு முழுவதையும் நான் நிறுவும்போது உண்டாக்கிய பயனரின் ஹோம் போல்டருக்குள் போட்டிருந்தேன், அமைப்புப் பைலிலும் அந்த இடத்தைத்தான் காட்டியிருந்தேன். திறந்தால் 403, அனுமதி இல்லை. நான் அடுத்த நாள் வருவதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர், கணினி படிக்கிறவர், உதவி செய்ய நினைத்துப் பாட்டுப் போல்டருக்கு 777 கொடுத்திருந்தார், அதாவது யாரும் வாசிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அப்படியும் 403 போகவில்லை. போகாததற்குக் காரணம் இருக்கிறது. என்ஜின்எக்ஸ் பைல்களை எடுப்பது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற, அதிகாரம் குறைந்த ஒரு பயனராக. ஒரு பைலை அடைய வேண்டுமென்றால் அதற்கு மேலேயுள்ள ஒவ்வொரு போல்டருக்குள்ளும் நுழைய அந்தப் பயனருக்கு அனுமதி வேண்டும். உபுண்டுவில் 21.04 பதிப்பில் இருந்து புதிய ஹோம் போல்டர்கள் 750 என்ற அனுமதியோடு பிறக்கின்றன, வெளியார் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. வாசல் பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்து வைத்து என்ன பயன்? பைல் அனுமதி விவகாரம் எதற்கும் நேம்ஐ என்ற கட்டளையை எல் என்ற தெரிவோடு போட்டுப் பாருங்கள், பாதையில் உள்ள ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிவரியாகக் காட்டிவிடும், எந்தப் படியில் அடைத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஹோமைத் திறந்துவிடுவது தீர்வு இல்லை. பைல்களை எஸ்ஆர்வி போல்டருக்குள் மாற்றினேன், அது இப்படியான வேலைக்கென்றே லினக்ஸில் உள்ள இடம். போல்டர்களுக்கு 755, பைல்களுக்கு 644 கொடுத்தேன் (உரியவர் மட்டும் மாற்றலாம், மற்றவர்கள் வாசிக்கலாம்), 777 ஐ எடுத்துவிட்டேன். தம்பியையும் பக்கத்தில் இருத்திக் காட்டினேன், அவர் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள்.

சின்ன விஷயம் ஒன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய பக்கத்துக்கு அமைப்பு எழுதிய பிறகும் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கமே வந்துகொண்டிருந்தால், நிறுவும்போது வந்த டிபோல்ட் அமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இயங்கும் தளங்களின் போல்டரில் அதற்குள்ள இணைப்பை நீக்க வேண்டும். அப்புறம் என்ஜின்எக்ஸை டி தெரிவோடு ஓடவிட்டு எழுத்துப்பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ரீலோட். இந்தச் சரிபார்ப்பை ஒரு தடவை கூட விடாதீர்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் வேறு ஒரு தலைவலி. கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்பவில்லை. மாமா வந்து பட்டனை அழுத்தினால்தான் உயிர் வரும், அவர் வராத நாளில் பாட்டு இல்லை. பயோஸில், அதாவது கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போட்டேன், சோதித்தேன், வேலை செய்தது. அடுத்த வெட்டு ஒரு இரவு முழுக்க நீடித்தது, காலையில் பார்த்தால் திரும்பவும் எழும்பவில்லை, பயோஸுக்குள் போனால் நான் போட்ட தெரிவே காணவில்லை. கணினியைத் திறந்தேன். மதர்போர்டில் உள்ள வட்ட பற்றரி, 2032 வகை, செத்துக் கிடந்தது. பயோஸில் நாம் போடும் தெரிவுகளையும் கடிகாரத்தையும் கரண்ட் இல்லாத நேரத்தில் தாங்கிக்கொண்டிருப்பது அந்தப் பற்றரிதான். நான் சோதித்தபோது வயரைக் கழற்றி உடனே திரும்பக் குத்தினேன், அந்தச் சில விநாடிக்கு மதர்போர்டில் மிஞ்சியிருந்த மின்சாரமே போதுமாக இருந்திருக்கிறது. மணிக்கூட்டுக் கடையில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. பழைய கணினியை சேர்வராக்குகிறவர்கள் முதல் நாளே இதை மாற்றிவிடலாம்.

இனி 404.

எத்தனை பைல் திறக்கவில்லை என்று முதலில் எண்ணினேன். முகப்புப் பக்கங்களில் உள்ள இணைப்புகள் முழுவதையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூலம் கேட்கவிட்டு, 200 வராதவற்றைப் பிரித்தெடுத்தேன். 312 இல் 74 திறக்கவில்லை. என்ஜின்எக்ஸ் பிழைகளைக் குறித்து வைக்கிற லொக்கைத் திறந்தால், ஒவ்வொன்றுக்கும் பைல் பெயரை முழுப் பாதையோடு எழுதி, அப்படி ஒரு பைலோ போல்டரோ இல்லை என்று ஒரு வரி. அந்தப் பெயரை ஒரு பக்கத்திலும் போல்டரில் உள்ள பெயரை மறு பக்கத்திலும் வைத்து மாமாவும் நானும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். பிள்ளைகளின் கொப்பி திருத்தின கண் அவருடையது. "ஒரு குத்தும் பிழையில்ல மனே" என்றார். எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெயருக்கு முன்னோ பின்னோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்குமோ என்று தேடினேன், இல்லை. அனுமதியா என்று பார்த்தேன், இல்லை, அப்படியானால் 403 அல்லவா வரும்.

அடுத்து நான் செய்ததுதான் முதல் நல்ல தடயத்தைத் தந்தது. ஆட்டோஇன்டெக்ஸைப் போட்டேன், அதாவது போல்டரில் உள்ளவற்றை என்ஜின்எக்ஸே பட்டியலிட்டுக் காட்டும். அந்தப் பட்டியலில் கொக்கட்டிச்சோலையைத் தொட்டேன், பாடியது! அதே பைல், அதே சேர்வர், அதே போன். நான் எழுதிய பக்கத்தில் தொட்டால் 404, சேர்வர் எழுதிய பட்டியலில் தொட்டால் பாட்டு. அப்போ பைலில் பிழையில்லை, சேர்வரிலும் பிழையில்லை. நான் எழுதிய பெயரும் டிஸ்க்கில் உள்ள பெயரும் பார்வைக்கு ஒன்றாக இருந்துகொண்டு உள்ளே வேறாக இருக்கின்றன. அன்றிரவு வீட்டுக்கு வந்து நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் 74 பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கொக்கட்டிச்சோலை. போரதீவு. கோட்டைக்கல்லாறு. அம்பாறைப் பக்கம் வந்தால் பொத்துவில், திருக்கோவில். திறக்கிறவை காரைதீவு, நிந்தவூர், வாழைச்சேனை, செங்கலடி. கையால் எழுதும்போதுதான் கண்ணில் பட்டது, திறக்காத ஒவ்வொரு ஊரிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய மெய் ஒன்று இருக்கிறது: கொ, போ, கோ, பொ, சோ. திறக்கிற ஒன்றில் கூட இல்லை. செங்கலடியில் செ இருக்கிறது, வாழைச்சேனையில் சே இருக்கிறது, ஆனால் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கிற கொம்புக்கால் எழுத்து இல்லை.

பிடித்துவிட்டேன் என்று நினைத்த உடனேயே அது உடைந்தது. வடமோடி என்ற பக்கமும் தென்மோடி என்ற பக்கமும் அதே சேர்வரில்தான் இருக்கின்றன, இரண்டிலும் மோ இருக்கிறது, இரண்டும் திறக்கின்றன. அரை நாள் இதிலேயே போனது. எழுத்துதான் காரணம் என்றால் மோடி ஏன் திறக்கிறது? விடை, நான் கேட்ட கேள்வியே பிழை என்பது. என்ன எழுத்து என்பது பாதிதான், அந்தப் பெயரை எந்தக் கணினியில் வைத்தார்கள் என்பது மீதி. வடமோடி பக்கத்தை உண்டாக்கியது நான், இந்த லினக்ஸ் கணினியில். கொக்கட்டிச்சோலைக்குப் பெயர் வைத்தது மாமாவின் மகள், தன் மக்புக்கில்.

யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது அதை உடைத்து, எகரக் கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு என்று இரண்டாகப் போடலாம். இரண்டும் செல்லுபடியான எழுத்துமுறை, இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது, திரையில் இரண்டும் கொ தான். இப்படி உடையக்கூடியவை தமிழில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் தனி ஔ எழுத்தும் மட்டும். மக் கணினிகளில் 2017 வரைக்கும் வழக்கத்தில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற டிஸ்க் முறை, எல்லாப் பெயர்களையும் ஒரே சீரில் வைத்திருக்க, உடைத்து எழுதிச் சேமிக்கும். அதற்குள் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை, எப்படித் தட்டினாலும் அது பைலைக் கண்டுபிடித்துக்கொள்ளும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அப்படி இல்லை. வழக்கமாக நாம் அமைக்கிற விதத்தில் அது எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கும். பைட் ஒன்று மாறினாலும் அது வேறு பைல். நான் என் கீபோர்டில் தட்டியது சேர்த்தெழுதிய கொ, டிஸ்க்கில் கிடந்தது பிரித்தெழுதிய கொ.

ஊகத்தோடு நிற்கக் கூடாது என்று எண்ணிப் பார்த்தேன். யூனிகோட் குறியீடுகளை பைட்டாக எழுதும் முறையான யுடிஎஃப்-8 இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கொக்கட்டிச்சோலை என்ற சொல்லில் சேர்த்தெழுதினால் 15 குறியீடுகள், 45 பைட். கொவையும் சோவையும் பிரித்தெழுதினால் 17 குறியீடுகள், 51 பைட். நான் தட்டிய பெயரை டபிள்யூசி கட்டளையால் எண்ணினேன், 45. டிஸ்க்கில் உள்ள பெயரில் இருந்து ஊர்ப் பெயரை வெட்டியெடுத்து எண்ணினேன், 51. மாமாவுக்குத் திரையில் அந்த இரண்டு எண்ணையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கொம்பையும் காலையும் புறிம்பாக் கொண்டு வந்திருக்கு" என்றார். யூனிகோட் விளக்கம் எதிலும் இவ்வளவு சுருக்கமாக நான் வாசித்ததில்லை.

திருத்துவதற்கு கன்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது, ஆப்ட்டில் கிடைக்கும். யுடிஎஃப்-8 இல் இருந்து யுடிஎஃப்-8 க்கு, என்எஃப்சி வடிவத்துக்கு மாற்று என்று சொல்ல வேண்டும். என்எஃப்சி என்றால் சேர்த்தெழுதிய வடிவம். இதில் எனக்குப் பிடித்த குணம், நீங்கள் நோடெஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை அது ஒன்றையும் மாற்றாது, என்ன மாற்றப்போகிறேன் என்று ஒத்திகை மட்டும் காட்டும். முழுப் போல்டரையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன், ஒத்திகையை வாசித்தேன், அதன் பிறகே உண்மையில் ஓடவிட்டேன். இனிமேல் மக்கில் இருந்து நேரடியாக வரும் பைல்களை, கணினிகளுக்கிடையே நகலெடுக்கும் கருவியான ஆர்சின்க் 3 இன் ஐகான்வ் தெரிவோடு எடுத்தால், வரும் வழியிலேயே சேர்ந்துவிடும்.

ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் இந்த வில்லங்கமே இல்லையே என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. தமிழ்ப் பெயருக்கு விலை இருக்கிறது: எக்ஸ்ட்4 இல் ஒரு பைல் பெயருக்கு 255 பைட்தான், தமிழுக்கு அது 85 குறியீடுதான், ஊரையும் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் பெயரையும் காட்சியையும் சேர்த்து நீளமாக வைத்தால் மறுத்துவிடும். இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கொக்கட்டிச்சோலை என்ற ஒரு சொல்லே சதவீதக் குறிகளும் எண்களுமாக 135 எழுத்துக்கு நீண்டுவிடுகிறது. ஆனாலும் நான் மாற்றச் சம்மதிக்கவில்லை. இந்த டிஸ்க்கை இன்னும் இருபது வருடம் கழித்து யாரோ ஒரு பிள்ளை வேறு கணினியில் திறக்கும்போது, இணையப் பக்கம் இல்லாமலேயே, எந்த ஊர்ப் பாட்டு என்று அதன் பெயரே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் கன்னன்குடாவையும் கொக்கட்டிச்சோலையையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம், தேடி எடுக்க முடியாது. பகிர்வதற்கு மட்டும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் கொடுத்து, எண்ணைத் தட்டினால் தமிழ்ப் பெயருக்கு 301 மூலம், அதாவது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதில் மூலம், போகும்படி செய்தேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. பாட்டு வரிகளை வெறும் எழுத்துப் பைலாக ஏற்றினோம், போனில் திறந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று கிறுக்கல். எச்டிஎம்எல் பக்கத்தில் இது யுடிஎஃப்-8 என்று உள்ளேயே எழுதிவிடலாம், வெறும் எழுத்துப் பைலில் அதற்கு இடமில்லை, சேர்வர் சொல்லாவிட்டால் பிரவுசர் ஊகிக்கும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் சார்செட் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி, முடிந்தது. ஜிசிப் சுருக்கத்தில் எழுத்துப் பைல் வகையையும் சேர்த்துவிடுங்கள், உபுண்டுவில் சுருக்கம் போட்டே வந்தாலும் அது எச்டிஎம்எல்லை மட்டும்தான் சுருக்கும். எழுத்துக்கு 3 பைட் என்பதால் தமிழ் வரிகள் நன்றாகச் சுருங்கும், எங்களுடையவை பாதிக்கும் கீழே போயின.

வெளியூருக்குக் கொடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசிகசாலைக் கணினியையே உலகத்துக்குத் திறந்துவிட நினைத்து ரவுட்டரில், வெப் கோரிக்கைகள் வந்து சேரும் வாசலான போர்ட் 80 ஐ இந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டேன், வெளியில் இருந்து ஒன்றும் வரவில்லை. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும் முறைக்கென்று 2012 இல் ஒதுக்கப்பட்டவை. அந்த வரிசையில் முகவரி இருந்தால் உங்கள் ரவுட்டரில் என்ன திருப்பினாலும் பயனில்லை, வெளியார் உங்களை வந்தடையும் வழியே அங்கு இல்லை. இதை முதலில் பார்த்திருந்தால் ஒரு பின்னேரம் மிஞ்சியிருக்கும். கடைசியில் 1 ஜிபி நினைவகத்தோடு ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சேர்வர், வாடகைக்கு எடுத்தோம், வாசிகசாலைக் கணினி ஒவ்வொரு இரவும் 2 மணிக்குத் தன்னிடம் உள்ளதை அங்கே ஆர்சின்க் செய்யும். கசெட் பெட்டிக்கு நடந்தது நினைவில் இருப்பதால், இரண்டாவது நகல் வேறு தேசத்தில் இருப்பதில் மாமாவுக்கு நிம்மதி.

விபிஎஸ்ஸில் யூஎஃப்டபிள்யூ தீச்சுவரைப் போடும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் நாம் தொலைவில் இருந்து நுழைகிற போர்ட் 22, பிறகு வெப்புக்கான 80, 443, அதன் பிறகே எனேபிள். 22 ஐ அனுமதிக்காமல் எனேபிள் செய்தால் நீங்களே வெளியே நின்றுவிடுவீர்கள். அது ஒரு எச்சரிக்கை கேட்கும், அதை வாசிக்காமல் ஓம் சொல்லாதீர்கள். கடவுச்சொல் நுழைவை அடைத்துவிட்டுச் சாவிப் பைலால் மட்டும் நுழையும்படி வைத்தோம். முதல் இரவு லொக்கிலேயே நம்மிடம் இல்லாத வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைத் தேடி யார் யாரோ தட்டியிருந்தார்கள். புது சேர்வர் எல்லாவற்றுக்கும் இது நடக்கும், தானியங்கி நிரல்கள், வெறும் பைல் கொடுக்கிற தளத்தில் அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட்டில் இலவசம், 90 நாளுக்குச் செல்லும், சேர்ட்பொட் என்ற கருவி தானாகவே புதுப்பிக்கும். முடியப்போகிறது என்று மின்னஞ்சல் அனுப்புவதை அவர்கள் 2025 இல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே புதுப்பித்தல் ஒத்திகையை ஒரு தடவை ஓடவிட்டு வெற்றி என்று வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இனி மிஞ்சிய ஒரு விஷயம். கன்வ்எம்வி ஓடி முடிந்தபோது 74 இல் 72 ஐ மாற்றிவிட்டு இரண்டை அப்படியே விட்டிருந்தது, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கிறது என்று. போல்டரைப் பட்டியலிட்டேன். போரதீவு-3 என்று ஒரு பைல், அதற்குக் கீழேயே போரதீவு-3 என்று இன்னொரு பைல். ஒரே போல்டரில் ஒரே பெயரில் இரண்டு. கோட்டைக்கல்லாறு-1 உம் அப்படியே. மகள் மக்கில் வைத்தது ஒன்று, மாமா முன்பு ஒரு பென்டிரைவில் வைத்திருந்து, திறக்காதவற்றை எண்ணி முடித்த பிறகு நான் இங்கே ஏற்றியது மற்றது. கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு, அதனால் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தப்பியிருக்கின்றன. கோட்டைக்கல்லாறு இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்று, ஒன்றை நீக்கினோம். போரதீவு இரண்டும் அளவில் வேறு.

மாமா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டையும் முழுதாகக் கேட்டார், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். பென்டிரைவில் இருந்து வந்ததில் கடைசி ஏழு நிமிடம் கூடுதலாக இருந்தது, மங்களம் பாடி முடித்த பிறகு கசெட்டை நிறுத்த மறந்திருக்கிறார், அண்ணாவியார் பக்கத்தில் இருக்கிற பொடியன் ஒருவனுக்கு ஒரு தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிக் கொடுக்கிறார், அவன் பிழைவிடுகிறான், திரும்பச் சொல்கிறார். அந்தப் பொடியன் யார் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பைலுக்கு போரதீவு-3-தாளக்கட்டு என்று நானே பெயர் தட்டினேன், சேர்த்தெழுதிய போவோடு. அன்று பின்னேரமே சுவரில் உள்ள கியூஆரைத் தொட்டு ஒரு பிள்ளை அதைத் திறந்தாள், லொக்கில் 206 என்று விழுந்தது.